காட்டுநாய்க் கூட்டத்தில் முதல் பந்தி யாருக்கு, கிளம்பலாம் என்று சொல்வது யார்? (ஹ்லுஹ்லுவேயில் பார்த்தது)

தாமிரபரணி_டர்பன்

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது, ஹ்லுஹ்லுவே–இம்ஃபோலோசி காட்டுக்குப் போனது இதோடு மூன்றாவது தடவை. ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார்கள் என்று செப்டம்பர் 24 ஹெரிட்டேஜ் டே அரசு லீவோடு இரண்டு நாள் சேர்த்து எடுத்துக்கொண்டு போனோம். யானை, காண்டாமிருகம் காட்டலாம் என்று நினைத்துத்தான் போனேன். நியாலாசி கேட் வழியாக உள்ளே போய் சொன்டூலி லூப்பில் திரும்பியபோது ஏழரை மணி இருக்கும். ஒரு வளைவு தாண்டியதும் பாதை முழுக்க நாய்கள்.

கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என்று சாயத்தைக் கையால் அள்ளித் தெளித்த மாதிரி உடம்பு, பெரிய வட்டக் காது, வால் நுனி மட்டும் வெள்ளை. பெரியவை பதினொன்று எண்ணினேன். குட்டிகள் ஏழோ எட்டோ, ஒரு இடத்தில் நின்றால்தானே எண்ண முடியும். சற்று முன்னால்தான் ஒரு இம்பாலா மானை அடித்திருக்கின்றன. அம்மா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அப்புறம் அவர்களே "இங்கே பாருடா, பெரிசுகள் ஒண்ணும் வாய் வைக்கலை" என்றார்கள். உண்மைதான். குட்டிகள் மட்டும் இறைச்சியில் தலையை விட்டுக்கொண்டு தின்கின்றன, பெரியவை பத்தடி தள்ளி நாலு பக்கமும் பார்த்தபடி நிற்கின்றன. கல்யாண வீட்டில் பிள்ளைகளுக்கு முதல் பந்தி போட்ட மாதிரியே இருந்தது.

எல்லாம் முடிகிற நேரத்தில் ஒரு நாய் நொண்டிக்கொண்டு வந்தது. முன்னங்கால், வலது, தரையில் ஊன்றவே இல்லை. அதற்கு மிச்சம் எதுவும் இல்லை. அது இன்னொரு நாயிடம் போய்த் தலையைத் தாழ்த்தி, அதன் வாய் ஓரத்தை மூக்கால் தள்ளித் தள்ளி நக்கியது. அந்த நாய் உடம்பைக் குறுக்கி, தின்றதைக் கக்கிக் கொடுத்தது. எங்கள் காரிலிருந்து இருபதடி தூரம்கூட இல்லை. அம்மா அதற்கப்புறம் வெகுநேரம் பேசவே இல்லை.

பிறகு எல்லாம் மர நிழலில் படுத்தன. நாற்பது நிமிஷம் கழித்து ஒவ்வொன்றாக எழுந்து ஒன்றின் முகத்தை ஒன்று நக்கி, குருவிக்குஞ்சு மாதிரிக் கீச்சுக்கீச்சென்று கத்தின. அப்போது நிறைய நாய்கள் தும்மின, காரின் ஜன்னல் திறந்திருந்ததால் தெளிவாகவே கேட்டது. கிளம்பப் போகிறது என்று பார்த்தால் மறுபடி எல்லாம் படுத்துவிட்டன. இந்தத் தும்மல் ஏதாவது நோயா? நொண்டி நாய் பிழைக்குமா? இந்தக் கூட்டத்துக்குத் தலைவன் என்று ஒன்று உண்டா, இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு நாயின் கழுத்தில் தடித்த பட்டை வேறு இருந்தது. அம்மா அக்டோபர் கடைசியில் ஊருக்குத் திரும்புகிறார்கள், அதற்குள் இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். எங்கே, எப்போது போனால் நல்லது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மாரிட்ஸ்பர்க்_அக்கா

தம்பி, முதலில் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நான் இருபது வருஷமாக அந்தக் காட்டுக்குப் போய்வருகிறேன், முழுக் கூட்டத்தையும் குட்டிகளோடு பார்க்க வாய்த்தது நான்கே தடவைதான். நீங்கள் கேட்டில் நுழைந்த முதல் காலையிலேயே பார்த்திருக்கிறீர்கள். (என் தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், எங்கள் குடும்பம் நாலு தலைமுறையாக இங்கே, நான் எழுதப் படித்தது கோயில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில்.)

அம்மா ஊர்க்காட்டுச் செந்நாய் என்று நினைத்திருக்கலாம். இது அது இல்லை. இரண்டுமே கூட்டமாக வேட்டையாடும், ஆனால் இனமே வேறு. இதற்கு முன்னங்காலில் நான்கு விரல்தான், நம் வீட்டு நாய்க்கு இருக்கிற அந்தப் பக்கவாட்டு ஐந்தாவது விரல் கிடையாது. இங்குள்ள ஸூலு மொழியில் இன்கென்ட்ஷானே என்பார்கள்.

குட்டிகளுக்கு முதல் பந்தி என்று சொன்னீர்களே, அது அப்படியேதான். இங்கே அவை குட்டி போடுவது குளிர்காலத்தில், பெரும்பாலும் மே கடைசியிலிருந்து ஜூலைக்குள், ஆர்ட்வார்க் என்கிற, கறையான் தின்னும் மிருகம் தோண்டி விட்டுப்போன வளைகளில். ஒரு ஈற்றில் பத்துக் குட்டி என்பது சாதாரணம். தாய் முதல் சில வாரம் வளையை விட்டு நகராது, கூட்டம்தான் வேட்டையாடிவிட்டு வந்து அதற்கும் கக்கிக் கொடுக்கும், குட்டிகள் வெளியே வந்த பிறகு அவற்றுக்கும் கொடுக்கும். மூன்று மாதம் போல ஆனதும் வளையை விட்டுவிட்டுக் குட்டிகளும் கூட்டத்தோடு நடக்கத் தொடங்கும். நீங்கள் பார்த்தது சரியாக அந்தப் பருவம். அப்போதிலிருந்து இரையடித்த இடத்தில் குட்டிகள் வயிறு நிறையும்வரை பெரியவை காத்திருக்கும். சும்மா நிற்கவில்லை, கழுதைப்புலி வருகிறதா என்று பார்க்கின்றன. அந்தக் காட்டில் புள்ளிக் கழுதைப்புலி நிறைய, நாய்கள் அடித்ததைப் பிடுங்கித் தின்ன மோப்பம் பிடித்துப் பின்னாலேயே வரும்.

சிங்கத்தின் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள், அங்கே பெரியது தின்று மிஞ்சினால்தான் குட்டிக்கு. பஞ்சகாலத்தில் சிங்கக்குட்டி பட்டினியில் சாகும். நாய்க்கூட்டத்தில் அந்த வரிசை தலைகீழ். எனக்கு இந்த மிருகத்தின் மேல் இவ்வளவு பிரியம் வந்ததற்கு அதுதான் காரணம்.

வாய் ஓரத்தை நக்குவது குட்டியில் சோறு கேட்டுப் பழகிய பழக்கம். வளர்ந்த பிறகு அதுவே வணக்கம் சொல்கிற முறையாகிவிடுகிறது. நொண்டி நாய் செய்தது வணக்கம் இல்லை, உண்மையாகவே கேட்டது, அதற்குக் கிடைத்தது. அடிபட்டதை, வயதானதைக் கூட்டம் இப்படிப் பார்த்துக்கொள்வதை நானும் பார்த்திருக்கிறேன். கூட ஓட முடியாமல் பின்தங்கினாலும், மோப்பத்தில் வந்து சேர்ந்துவிட்டால் பங்கு உண்டு. ஆனால் ஒன்று கேட்கிறேன்: காலில் கம்பி எதுவும் சுற்றியிருந்ததா? கண்ணியாக இருந்தால் உடனே கேம்ப் ரிசெப்ஷனிலோ கேட்டிலோ நேரம், இடம் எல்லாம் சொல்லியிருக்க வேண்டும். மானுக்கு வைக்கிற கண்ணியில் இந்த நாய்களும் அதிகம் மாட்டுகின்றன, ஒரு நாளில் அவ்வளவு தூரம் நடப்பதால்.

---

தாமிரபரணி_டர்பன்

அக்கா, மிக்க நன்றி. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன், கம்பி இல்லை. முழங்காலுக்குக் கீழே வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

---

பிரிட்டோரியா_பனி

நான் சில வருஷம் முன்னால் மூன்று மாதம் ஸூலுலாந்தில் காட்டுநாய் கண்காணிப்பில் தன்னார்வலராக இருந்தேன். காலை நாலு மணிக்கு எழுந்து, ஆண்டெனாவைத் தூக்கிப் பிடித்து, கழுத்துப்பட்டையிலிருந்து வருகிற டிக் டிக் சத்தத்தைத் தேடிப் போவதுதான் வேலை. அதனால் தும்மலையும் பட்டையையும் பற்றி எழுதுகிறேன்.

தும்மல் நோய் இல்லை, பயப்பட வேண்டாம். அம்மாவிடம் சொல்லுங்கள், அவர்கள் பார்த்தது ஓட்டெடுப்பு. போட்ஸ்வானாவின் ஒகவாங்கோவில் ஐந்து கூட்டங்களில் இப்படி எழுந்து கூடுகிற 68 சந்தர்ப்பங்களைப் பதிவு செய்து 2017ல் ஒரு ஆய்வு வந்தது. எழுந்து நின்று மற்றவற்றை எழுப்பும்போது எத்தனை தும்மல் விழுகிறதோ, அதைப் பொறுத்துக் கூட்டம் கிளம்புவதும் படுப்பதும் இருக்கிறது. முதலில் எழுப்பியது தலைமை ஜோடியில் ஒன்று என்றால் மூன்று தும்மல் போதும், கிளம்பிவிடும். கீழ்வரிசை நாய் எழுப்பினால் பத்துத் தும்மல் போல வேண்டும். அதாவது தலைவன் சொல்லுக்குக் கனம் அதிகம், ஆனால் மற்றவர்கள் போதுமான அளவு சேர்ந்தால் அவர்கள் இஷ்டமும் நடக்கும். உங்கள் கண் முன்னால் நடந்த அந்த முதல் முயற்சியில் தும்மல் போதவில்லை போலிருக்கிறது, அதுதான் மறுபடி படுத்துவிட்டன. நம் ஊர்ச் சங்கக் கூட்டத்தில் முடிவெடுக்கிற நேரத்தைவிட வேகமாகவே முடித்துவிடுகின்றன.

தலைவனைக் கண்டுபிடிப்பது பற்றி. பல்லைக் காட்டி மிரட்டுகிற நாயைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள், இந்தக் கூட்டத்தில் சண்டை மிகக் குறைவு. மூத்திரம் போவதைப் பாருங்கள். தலைமைப் பெண் ஒரு புல் குத்தில் காலைத் தூக்கிப் போகும், உடனே அதன் ஜோடி ஆண் அதே இடத்தின் மேலேயே போகும். நடக்கும்போதும் படுக்கும்போதும் அந்த இரண்டும் ஒட்டியே இருக்கும். பெண்களுக்குத் தனி வரிசை, ஆண்களுக்குத் தனி வரிசை. பெரும்பாலும் அந்த ஒரு ஜோடிதான் குட்டி போடும், மற்ற எல்லோரும் அந்தக் குட்டிகளுக்குச் சித்தப்பா, அத்தை, அண்ணன், அக்காதான்.

பட்டை விஷயம் கொஞ்சம் நீளம். அது நாயைக் கண்காணிக்கிற ரேடியோப் பட்டை, ஏன் கண்காணிக்க வேண்டியிருக்கிறது என்று சொல்கிறேன். இயற்கையாக இரண்டு மூன்று வயதில் உடன்பிறந்த பெண்கள் ஒன்றாகவோ, ஆண்கள் ஒன்றாகவோ வீட்டை விட்டுக் கிளம்பி, வேறு கூட்டத்து எதிர்பாலோடு சேர்ந்து புதுக் கூட்டம் தொடங்கும். நெருங்கிய ரத்தத்தில் சேராமல் இருக்க அதுதான் வழி. க்ரூகர் தேசியப் பூங்கா மாதிரிப் பெரிய இடத்தில் அது தானாக நடக்கும். ஹ்லுஹ்லுவே–இம்ஃபோலோசி ஏறக்குறைய 960 சதுர கி.மீ., சுற்றிலும் வேலி. பிலானஸ்பர்க், மடிக்வே, டெம்பே, உம்குஸே என்கிற மற்றக் காடுகளும் அப்படித்தான். வேலிக்கு அந்தப் பக்கம் பெண் தேடிப் போக முடியாது. அதனால் 1990களின் கடைசியிலிருந்து இந்தச் சின்னச் சின்னக் காடுகள் எல்லாவற்றையும் ஒரே குடியாகக் கணக்கு வைத்து, ஒரு காட்டின் பெண்களை இன்னொரு காட்டின் ஆண்களோடு சேர்த்து வைக்கிறார்கள். எண்டேஞ்சர்ட் வைல்ட்லைஃப் டிரஸ்ட் என்கிற தொண்டு அமைப்பு இதை ஒருங்கிணைக்கிறது.

சேர்த்து வைக்கிற விதத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மயக்க ஊசி போட்ட நாய்களை, புது ஆண்களையும் புதுப் பெண்களையும், வரிசையாகப் படுக்க வைத்து ஒன்றின் உடம்பை இன்னொன்றின் மேல் நன்றாகத் தேய்த்தோம். கண் திறக்கும்போது பக்கத்தில் இருக்கிற அந்நியனின் மேலே தன் வாசனையே அடிக்க வேண்டும், அதற்காக. என் கை, சட்டை, முடி எல்லாம் அந்தக் காட்டமான நாற்றம், இரண்டு நாள் குளித்தும் போகவில்லை. போமா என்கிற அடைப்பில் சில வாரம் வைத்திருந்து, ஒன்றாகப் படுத்துத் தூங்குகின்றன என்று உறுதியான பிறகுதான் திறந்து விட்டார்கள். நான் இருந்தபோது ஆறாவது நாளே இரண்டு பெண்களும் மூன்று ஆண்களும் ஒரே குவியலாகக் கிடந்தன. அந்தக் காலை நேரத்தை மறக்க முடியாது.

இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஆப்பிரிக்கா முழுக்கச் சேர்த்தே ஏறக்குறைய 6,600 நாய்கள்தான் என்பது கணக்கு, அதில் குட்டி போடக்கூடிய வளர்ந்தவை 1,400 போல. முற்காலத்தில் பூங்காக் காவலர்களே இவற்றைத் தொல்லை மிருகம் என்று சுட்டார்கள். ஹ்லுஹ்லுவேயில் இன்று நீங்கள் பார்க்கிற குடி 1980–81ல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டதன் வழி வந்தது.

---

ஜோபர்க்_கொடிக்கால்

நல்ல திரி. ஒரு யோசனை: க்ரூகருக்கே போய்விடுங்களேன். பிரிட்டோரியஸ்கோப், ஸ்குகுஸா, பெர்க்–என்–டால் சுற்றுவட்டத்தில் தார் ரோட்டிலேயே படுத்திருக்கும், காலை கேட் திறந்த உடன் முதல் காராகப் போனால் வாய்ப்பு அதிகம். பணம் பிரச்சினை இல்லை என்றால் தனியார் காட்டில் தங்குங்கள், அங்கே வண்டியைப் பாதையை விட்டு இறக்கி வேட்டையின் பின்னாலேயே போவார்கள். நூற்றுக்கு எண்பது வேட்டை வெற்றி, சிங்கமெல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது. நான் போன தடவை பதினைந்து நிமிஷம் புதருக்குள் பாய்ந்து பாய்ந்து போனோம், வாழ்நாள் அனுபவம்.

---

பிரிட்டோரியா_பனி

அண்ணா, அந்த எண்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கிழக்கு ஆப்பிரிக்கச் சமவெளியில் கூட்டமாக நெடுந்தூரம் துரத்துவதைப் பார்த்து அந்தப் பெயர் வந்தது. போட்ஸ்வானாவின் மரக்காட்டில் ஒரு கூட்டத்துக்கு நகர்வை அளக்கிற பட்டை கட்டி 2016ல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு துரத்தலையும் தனித்தனியாக எண்ணினால் 15.5 சதவீதம்தான் வெற்றி. நெடுந்தூர ஓட்டமும் இல்லை, ஆளுக்கொரு பக்கம் குறுகிய ஓட்டம். பிழைப்பு நடப்பது எப்படியென்றால், யாராவது ஒன்றுக்குக் கிடைத்தால் எல்லோருக்கும் கிடைத்த மாதிரி. பங்கு போடுவதில்தான் அந்தக் கூட்டத்தின் பலமே இருக்கிறது. நம் ஆட்கள் வேட்டையை மட்டும் துரத்துவதால் அந்தப் பகுதியைப் பார்க்காமலேயே திரும்புகிறார்கள்.

---

மாரிட்ஸ்பர்க்_அக்கா

கொடிக்கால் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு இந்தத் துரத்துகிற விஷயத்தில் மனசு ஒப்பவே இல்லை. சில வருஷம் முன்னால் வேறொரு காட்டில், சுற்றுலா வண்டி ஒன்று கூட்டத்தின் குறுக்கே ஓட்டியது. பெரியவை அந்தப் பக்கம், மூன்று குட்டிகள் இந்தப் பக்கம். குட்டிகள் புல்லுக்குள் ஒளிந்துவிட்டன. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து "ஹூ... ஹூ..." என்று புறா குமுறுகிற மாதிரி ஒரு குரல். பிரிந்துபோனவரைக் கூப்பிடுகிற குரல் அது. ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. நாங்கள் எஞ்சினை அணைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் இரண்டு குட்டிகள் பாதையைத் தாண்டி ஓடின. மூன்றாவதை நான் பார்க்கவில்லை. இருட்டுகிற நேரம், நாங்கள் கேம்புக்குத் திரும்பியே ஆகவேண்டும். அந்தப் பகுதியில் சிங்கம் உண்டு, மிருகங்களில் இந்த நாய்களை அதிகம் கொல்வது சிங்கம்தான். இன்றைக்கும் அந்த மூன்றாவது குட்டி நினைவுக்கு வரும்.

தாமிரபரணி தம்பி, அம்மாவை ஜோபர்க் வழியாக அவ்வளவு தூரம் அலைக்கழிக்க வேண்டாம். அதே காட்டுக்குப் போங்கள், ஆனால் வெளியே தங்காமல் உள்ளே ம்பீலா கேம்பில் இரண்டு ராத்திரி எடுங்கள். அப்போதுதான் கேட் அடைக்கிற நேரத்துக்கு ஓடாமல் சாயங்காலம் கடைசிவரை இருக்கலாம். ம்பீலாவுக்கு வேலி கிடையாது, இரவில் கழுதைப்புலி வரும், சாப்பாட்டை வெளியே வைக்காதீர்கள், அம்மாவை இருட்டில் தனியாக நடக்க விடாதீர்கள்.

நாய்கள் கண்ணில் பட்டால் தூரத்திலேயே வண்டியை நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். பகலில் தூங்குவதைப் பார்த்து "ஒன்றும் செய்யவில்லையே" என்று எல்லாக் காரும் போய்விடும், நீங்கள் போகாதீர்கள். வெயில் தாழ ஒரு மணி நேரம் இருக்கும்போது எழுந்திருக்கும். அந்தப் பத்து நிமிஷம்தான் நீங்கள் பார்க்க வேண்டியது. எழுந்து நடக்கத் தொடங்கினால் வண்டியை முன்னால் கொண்டுபோய் வழியை மறிக்காமல் பின்னாலேயே நில்லுங்கள். குட்டி போட்ட வளை எங்கே என்று தெரிந்தாலும் ஃபேஸ்புக்கில் போடவே போடாதீர்கள்.

---

ஜோபர்க்_கொடிக்கால்

அக்கா, கோபம் ஒன்றும் இல்லை. அந்தப் பதினைந்து நிமிஷத்தில் குட்டிகள் எங்கே இருந்தன என்று நான் யோசிக்கவே இல்லை. அடுத்த தடவை வழிகாட்டியிடம் முதலில் இதைத்தான் கேட்பேன்.

---

தாமிரபரணி_டர்பன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அக்கா சொன்னபடி ம்பீலாவில் இரண்டு ராத்திரி. முதல் நாள் ஒன்றும் இல்லை, காண்டாமிருகமும் மழையும்தான். இரண்டாம் நாள் மாலை நான்கு மணிக்கு கறுப்பு இம்ஃபோலோசி ஆற்றுப் பக்கம் மணல் மேட்டில் ஏழெட்டுக் காது தெரிந்தது. எஞ்சினை அணைத்தோம். நான்கு கார்கள் வந்து, ஐந்து நிமிஷம் நின்று, போய்விட்டன. அம்மா ஃபிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு, தும்மலை எண்ண ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

ஐந்து மணிக்குப் பட்டை கட்டிய நாய் எழுந்தது. முதுகை வில்லாக வளைத்துச் சோம்பல் முறித்து, பக்கத்தில் படுத்திருந்ததன் கழுத்தில் தலையை வைத்தது. அது எழுந்தது, இன்னொன்று, அப்புறம் குட்டிகள் எல்லாம் ஒரே கூச்சல். அம்மா நோட்டில் போட்ட கோடு நாலு. நாலோடு நின்றது, மறுபடி எல்லாம் படுத்துவிட்டன. பத்து நிமிஷம் கழித்து வேறு ஒரு நாய், காதில் கிழிசல் இருக்கிறது, அது எழுந்து தலையைத் தாழ்த்திக்கொண்டு நடந்தது. தும்மல் இரண்டு எண்ணுவதற்குள் மொத்தக் கூட்டமும் பின்னால் போய்விட்டது. போகிற வழியில் பெண் ஒன்று காலைத் தூக்கியது, கிழிந்த காது அதே இடத்தில் காலைத் தூக்கியது. "அதான்டா இந்த வீட்டுப் பெரியவரு" என்று அம்மா சத்தமில்லாமல் என் தோளைத் தட்டினார்கள்.

நொண்டி நாயும் இருந்தது! முதலில் எனக்குச் சந்தேகம், ஏனென்றால் இப்போது அந்தக் கால் தரையில் படுகிறது, லேசாகத் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறது. போன தடவை எடுத்த படத்தோடு வைத்துப் பார்த்தேன், இடது விலாவில் கிளிமூக்கு மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு, இரண்டிலும் ஒரே மாதிரி. கடைசியாக ஓடினாலும் கூட்டத்தோடுதான் ஓடியது. படங்களைக் கீழே ஏற்றியிருக்கிறேன்.

---

பிரிட்டோரியா_பனி

சந்தேகமே இல்லை, அதே நாய்தான், அந்தத் திட்டுகள் எந்த இரண்டு நாய்க்கும் ஒன்றாக இருக்காது. இப்படிப் பயணிகள் எடுக்கிற படங்களை வைத்தும்தான் க்ரூகரில் நாய்களை எண்ணுகிறார்கள். இந்தப் படங்களைத் தேதியோடு, இடத்தோடு காட்டின் கண்காணிப்புக் குழுவுக்கு அனுப்புங்கள், காலில் அடிபட்டது எப்போது, எப்போது ஊன்ற ஆரம்பித்தது என்பது அவர்களுக்கு உதவும். ஒரு நாயின் இடது பக்கமும் வலது பக்கமும் வேறு வேறு மாதிரி இருக்கும், அதனால் வலது பக்கப் படமும் இருந்தால் சேர்த்து அனுப்புங்கள்.

---

தாமிரபரணி_டர்பன்

வலது பக்கம் அம்மாவின் போனில் இருக்கிறது. இன்று ராத்திரியே அனுப்பிவிடுகிறேன், ஊருக்குக் கிளம்ப இன்னும் நாலு நாள் இருக்கிறது.